எதிர்பாராமல் அப்பா ஆனவன்: ஞாயிறு மதியம் பார்த்த ஒரு தொலைக்காட்சிப் படம்

ஏரியூர்க்காரன்
ஞாயிறு, இரவு 8:10

இன்று மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு நானும் அப்பாவும் ஒரு படம் பார்த்தோம். தமிழில் குரல் கொடுத்த அமெரிக்கத் தொலைக்காட்சிப் படம். நாங்கள் உட்காரும்போதே பெயரெல்லாம் ஓடி முடிந்திருந்தது. கதை எளிமையானது. தச்சு வேலை செய்யும் ஒருவன், முப்பத்தைந்து வயது, கல்யாணம் வேண்டாம் என்று ஒண்டியாக இருக்கிறான். ஒரு நாள் காலையில் கதவைத் திறந்தால் கூடைக்குள் ஏழு மாதக் குழந்தை, கூடவே 'இவள் உன் மகள்' என்று ஒரு கடிதம். அப்புறம் ஒன்றரை மணி நேரம் அவன் படுகிற பாடுதான் படம். கொள்ளை அடிப்பவன், துரத்துகிறவன் என்று யாரும் கிடையாது. சிரித்துக்கொண்டே பார்த்தோம்.

என் அப்பா பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபத்தொரு வயது. தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தால் பத்தாவது நிமிடம் தூங்கிவிடுவார். இன்று தூங்கவில்லை. அந்தத் தச்சன் பால் புட்டியைக் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்தபோது, "மணிக்கட்டுல ரெண்டு சொட்டு விட்டுப் பாக்கணும், கன்னத்துல என்ன தெரியும்?" என்றார். குழந்தையைத் தோளில் போட்டு அவன் தட்டியபோது, "இன்னும் கொஞ்சம் மேல தூக்கிப் போடு" என்று திரையைப் பார்த்துச் சொன்னார். நான் வியப்போடு அவரைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் அவர் குழந்தை தூக்கி நான் பார்த்ததே குறைவு. என் மகனைக்கூட நாங்கள் மடியில் வைத்தால்தான் வாங்குவார்.

படத்தில் ராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல் வருகிறது. அந்த இடத்தில் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். திண்ணையில் உட்கார்ந்திருந்தார், படம் முடியும் வரை உள்ளே வரவில்லை.

எனக்கு இரண்டு கேள்விகள். இந்த மாதிரி மென்மையான, வீட்டோடு உட்கார்ந்து பார்க்கிற அப்பா படம் தமிழில் ஏன் இவ்வளவு குறைவு? தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்தில் இந்தக் கதை நடந்தால் எப்படி இருக்கும்? எனக்குக் கதை எழுதும் ஆசை உண்டு. உண்மையாகவே எழுதிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். உங்களுக்குத் தோன்றுவதைச் சொல்லுங்கள்.

ராயக்கோட்டை ரோடு
ஞாயிறு, இரவு 9:02

தம்பி, எனக்கு ரொம்பப் பிடித்த கதை வகை இது. இதன் வயது நூறைத் தாண்டிவிட்டது. சாப்ளின் 1921ல் எடுத்த 'தி கிட்' படத்தில் ஏழை ஒருவன் தெருவில் கிடைத்த குழந்தையை வளர்க்கிறான். பையன் கல் எறிந்து சன்னலை உடைப்பான், பின்னாலேயே இவன் கண்ணாடி மாட்டித் தர வருவான். அந்தப் படத்தில் எனக்கு மறக்காதது சிரிப்புக் காட்சி எதுவும் இல்லை. பழைய துணியையும் கிடைத்த பாத்திரத்தையும் வைத்து அவன் குழந்தைக்குத் தொட்டிலும் புட்டியும் தானே செய்துகொள்கிற இடம்தான். கையில் ஒன்றும் இல்லாதவன் கைக்குக் கிடைத்ததை வைத்து அப்பா ஆகிறான்.

அப்புறம் 1985ல் பிரான்சில் கொலின் செரோ என்ற பெண் இயக்குநர், ஒரே வீட்டில் வாழும் மூன்று ஆண்களிடம் குழந்தை வந்து சேருகிற கதையை எடுத்தார். 1987ல் அமெரிக்காவில் அதையே லியோனார்ட் நிமாய் எடுத்தார். 'ஸ்டார் ட்ரெக்' விண்வெளித் தொடரில் கூரான காதோடு வருவாரே, அவரேதான். அந்த வருடம் அமெரிக்காவில் அதிக வசூல் செய்த படம் அது. 1990ல் மலையாளத்துக்கு வந்தது, 1991ல் தமிழுக்கு வந்தது. ஒரே கைக்குழந்தை இத்தனை மொழி மாறிப் போயிருக்கிறது என்றால், எந்த ஊர் ஆணையும் குழந்தையோடு தனியாக விட்டால் பார்க்க ஆள் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

தொலைக்காட்சிப் படம் என்பது தனி வகை. அமெரிக்காவில் ஏபிசி நிறுவனம் 1969ல் வாராவாரம் புதுப்படம் போடத் தொடங்கியபோது ஒதுக்கிய நேரம் 90 நிமிடம். விளம்பரம் போனால் மிச்சம் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே. அதற்குள் கதை முடிய வேண்டும். பெரிய செட் போட முடியாது, கூட்டம் சேர்க்க முடியாது. ஒரு வீடு, நாலு பேர், ஒரு பிரச்சினை. குழந்தை வந்த வீடு இதற்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி. நம்மிடம் அந்த அளவில் படம் எடுக்கும் பழக்கம் போய்விட்டது. ஒன்று மூன்று மணி நேரம், இல்லை என்றால் ஆயிரம் நாள் தொடர். 90 நிமிடத்தில் ஒரு அப்பாவைச் சொல்ல நமக்கு இடம் இல்லை, ஆள் இருக்கிறது.

கேழ்வரகு
ஞாயிறு, இரவு 9:40

நான் பாலக்கோடு பக்கம் கிராம சுகாதாரச் செவிலியராக இருபது வருடம் வேலை பார்த்தவள். உங்கள் அப்பா சொன்னது சரி. மணிக்கட்டின் உள்பக்கம் இரண்டு சொட்டு விட்டால் சூடே தெரியக் கூடாது, அதுதான் பதம்.

ஆனால் இந்த வகைப் படங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ஏழு மாதக் குழந்தைக்கு டம்ளரில் மாட்டுப் பாலைக் காட்டுவார்கள், அழுதால் தேனைத் தொட்டு வைப்பார்கள். பார்க்கிறவர்கள் அதை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். தாய்ப்பாலுக்கு வழியே இல்லை என்றால் மருத்துவர் சொல்லும் பால் மாவு, கொதித்து ஆறிய தண்ணீரில், டப்பாவில் போட்டிருக்கும் அளவுப்படி. குழந்தை வாய் வைத்து மிச்சம் வைத்த பாலை ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்துக் கொடுக்கக் கூடாது. மாட்டுப் பாலும் தேனும் ஒரு வயதுக்குப் பிறகு. நாக்கில் வசம்பு தேய்ப்பது வேண்டவே வேண்டாம். ஆறு மாதம் ஆனதும் முளைகட்டிய கேழ்வரகை வறுத்து அரைத்துக் கூழாக ஊட்டலாம். நம் மண்ணில் விளைகிறது, அதைவிட நல்ல முதல் சோறு எனக்குத் தெரியாது.

இன்னொன்று. அவன் ஒரு தடவை துணி மாற்றியதற்கு ஊரே கைதட்டுகிறது. இதை ஒரு பொம்பளை ராத்திரி மூன்று மணிக்குத் தினம் செய்கிறாள், யாரும் படம் எடுக்கவில்லை. எழுதப் போகிற தம்பி இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அரூர் வழக்கு
ஞாயிறு, இரவு 10:25

நான் குழந்தைகள் தொடர்பான வழக்குகள் பார்க்கிறேன். வாசலில் கூடையில் குழந்தை என்ற தொடக்கம் இங்கே எழுதினால் நிற்காது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நம் ஊரில் கைவிடப்பட்ட குழந்தையைக் கண்டெடுத்தால் 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைக்கலாம், காவல் நிலையத்தில் சொல்லலாம், குழந்தைகள் நலக் குழுவிடம் நேராகவும் போகலாம். சொல்லாமல் வீட்டில் வைத்துக்கொண்டால், மனசு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி அது குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பெற்றவர்களைத் தேடிப் பார்த்து, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால் இரண்டு மாதத்துக்குள் தத்துக்கு உரியது என்று அறிவிக்கலாம். அப்போதும் கண்டெடுத்தவருக்கு முன்னுரிமை கிடையாது, பதிவு வரிசைதான். தனி ஆண் அந்த வரிசையில் நிற்கலாம், ஆனால் பெண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது. 2022ஆம் ஆண்டின் விதிகளிலும் அப்படித்தான் இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. பெற்றவர்கள் வேண்டாம் என்று விடும் பெண் குழந்தைகளை அரசே வாங்கிக்கொள்ளும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992ல் சேலத்தில் தொடங்கியது. 2001ல் அதை விரித்தபோது சேர்த்த மாவட்டங்களில் தர்மபுரியும் ஒன்று. அப்போது கிருஷ்ணகிரி தனி மாவட்டம் கிடையாது, 2004 பிப்ரவரியில்தான் பிரிந்தது. எந்தக் குழந்தைகளுக்காக இங்கே தொட்டில் வைத்தார்கள் என்று நம் எல்லாருக்கும் தெரியும். கூடையில் பெண் குழந்தை என்று காட்டினால் மற்ற ஊரில் சிரிப்பார்கள். இங்கே நம் ஆயாமார்கள் சிரிக்க மாட்டார்கள். அந்தக் காட்சியை நகைச்சுவைக்காக வைக்காதீர்கள், தயவு செய்து.

ஏரியூர்க்காரன்
ஞாயிறு, இரவு 10:51

ஐயா, நீங்கள் சொன்னது நெஞ்சில் இறங்கியது. கூடையை எடுத்துவிட்டேன். ஆனால் கதையை விட மனசு வரவில்லை. கூடை இல்லாமல் ஒருவன் எதிர்பாராமல் அப்பா ஆவது எப்படி?

தொப்பூர் கணவாய்
திங்கள், காலை 5:30

அண்ணா, நான் எப்படி ஆனேனோ அப்படி.

லாரி ஓட்டுகிறேன். மனைவிக்கு ஏழரை மாதம் நடக்கும்போது நாக்பூரில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தேன். மச்சான் போன் செய்து "மாமா, பாப்பா பிறந்துடுச்சு" என்றான். எனக்கு இன்னும் ஆறு வாரம் பாக்கி என்றுதான் கணக்கு. பெயர் யோசிக்கவில்லை, ஏணைத் துணி எடுத்து வைக்கவில்லை, ஒன்றுமே இல்லை. 44ஆம் எண் சாலை முழுக்க ஓட்டிக்கொண்டு வந்தேன். வழியில் எங்கே சாப்பிட்டேன் என்று இன்றைக்கும் நினைவில்லை. கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி விளக்கைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது.

மருத்துவமனையில் குழந்தை ஒன்றரைக் கிலோ. அவளுக்கு அறுவை, எழுந்து உட்கார முடியவில்லை. செவிலியர் அக்கா என்னைப் பார்த்து, "குளிச்சிட்டு வாங்க, சட்டையைக் கழட்டிட்டுச் சாய்ஞ்சு உக்காருங்க" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இடுப்புத் துணியும் குல்லாவும் மட்டும் போட்டிருந்த குழந்தையை என் மார்மேல் நிமிர்த்தி வைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, மேலே துணியால் சுற்றிக் கட்டிவிட்டார்கள். கங்காரு முறை என்றார்கள். என் உடம்புச் சூடுதான் அதற்குக் கண்ணாடிப் பெட்டியாம்.

கியர் போட்டுப் போட்டுக் காய்ப்புக் காய்ச்ச கை. அதன் முதுகில் கையை வைக்கவே பயம். முதல் நாள் இரண்டு மணி நேரம் அசையாமல் இருந்தேன், கால் மரத்துப் போனது. மூன்றாம் நாள் அது என் மார்முடியைப் பிடித்து இழுத்தது. பதினேழு நாள் அப்படி இருந்தேன். இரண்டு லோடு போனது. முதலாளியிடம் பேச்சு வாங்கினேன்.

நல்ல ஆரோக்கியமான பிள்ளையாக இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். படம் எடுத்தால் அந்தப் பதினேழு நாளில் ஒரு நாளை எடுங்கள். அங்கேயும் சிரிப்பு உண்டு. பக்கத்துக் கட்டிலில் இன்னொரு அப்பா, பர்கூர்த் துணி வியாபாரி, அவரும் சட்டை இல்லாமல் இருந்தார். நாங்கள் இரண்டு பேரும் சத்தம் வராமல் துணி விலையும் டீசல் விலையும் பேசிக்கொண்டிருந்தோம். சத்தமாகச் சிரித்தால் மார் குலுங்கும், குழந்தை எழுந்துவிடும். அதனால் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தோம்.

கேழ்வரகு
திங்கள், காலை 6:15

தம்பி, இதைப் படித்துவிட்டு அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நேற்றுக் கைதட்டுவதைப் பற்றி எழுதினேனே, உனக்கு அது பொருந்தாது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இந்த முறை 1970களின் கடைசியில் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் தொடங்கியது. குறைமாதக் குழந்தைகள் நிறைய, இன்குபேட்டர் குறைவு. வேறு வழி இல்லாமல் தாயின் மார்மேலேயே வைத்தார்கள். குழந்தைகள் பிழைத்தன. 2022ல் உலக சுகாதார நிறுவனம், குறைமாதக் குழந்தைகளுக்குப் பிறந்த உடனேயே இதைத் தொடங்கலாம், ஒரு நாளில் 8 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரம் வரை செய்யலாம் என்று பரிந்துரைத்தது. தாய்க்கு முடியாதபோது அப்பா செய்யலாம், பாட்டி செய்யலாம். நான் வேலையில் இருந்த காலத்தில் ஆண்களை வார்டுக்குள் விடவே தயங்குவார்கள். "ஆம்பளைக்கு இங்க என்ன வேலை" என்று விரட்டியவர்களில் நானும் ஒருத்தி. அது தப்பு என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

தகடூரான்
திங்கள், மாலை 4:45

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எழுதுகிறேன். நான் தமிழாசிரியர். லாரித் தம்பி எழுதியதைக் காலையில் படித்தேன், நாள் முழுக்க ஒரு பாட்டு மனசில் ஓடிக்கொண்டே இருந்தது.

நம் ஊரின் பழைய பெயர் தகடூர். இங்கே ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்கு மகன் பிறந்த சேதி கிடைக்கிறது. அவன் போர்க்களத்திலிருந்து அப்படியே பார்க்க வருகிறான். அதை ஔவையார் பார்த்துப் பாடியது புறநானூற்றில் நூறாவது பாட்டு. கையில் வேல் இருக்கிறது, காலில் கழல் இருக்கிறது, உடம்பெல்லாம் வியர்வை, கழுத்தில் காயாத புண். குளிக்கவில்லை, மாற்றுடை இல்லை. பகைவனைப் பார்த்துச் சிவந்த கண், மகனைப் பார்க்கும்போதும் சிவப்பு மாறவில்லை என்று முடிக்கிறார்.

உரை சொல்பவர்கள் இதை வீரத்துக்குத்தான் சொல்வார்கள். வகுப்பில் நானும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் நாக்பூரிலிருந்து அழுக்கு உடையோடு வந்து நின்ற ஒரு அப்பாவைப் பற்றிப் படித்த பிறகு, அந்தக் கண் சிவப்புக்குத் தூக்கம் இல்லாததும் காரணமாக இருக்கலாமே என்று தோன்றுகிறது. இது என் எண்ணம்தான், உரையில் கிடையாது.

அதே ஔவையார் அதே அதியமானுக்குத் தொண்ணூற்றிரண்டாவது பாட்டில் மழலையைப் பற்றிச் சொல்கிறார். குழந்தையின் பேச்சு யாழுக்கு ஒவ்வாது, பொழுதோடு சேராது, பொருளும் விளங்காது, ஆனாலும் தந்தைக்கு அதைக் கேட்டால் அருள் சுரக்கும். என் சொல்லையும் அப்படி எடுத்துக்கொள் என்கிறார். கவனியுங்கள், தாய்க்கு என்று சொல்லவில்லை, தந்தையர்க்கு என்று சொல்கிறார். கோட்டைகளை வென்ற ஒருவனிடம் பேச ஒரு புலவர் எடுத்த உவமை, மழலையில் மயங்கி நிற்கும் அப்பா. ஏரியூர்க்காரத் தம்பி, தமிழில் அப்பா படம் குறைவு என்றீர்களே. நம் ஊரிலேயே இரண்டு இருக்கிறது, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம்தான்.

ராயக்கோட்டை ரோடு
திங்கள், மாலை 6:20

ஐயா, கும்பிடுகிறேன்.

செவிலியர் அக்காவிடம் ஒரு சின்ன மாறுபாடு. அப்பா தடுமாறுவதைப் பார்த்துச் சிரிப்பது அவரைக் கொண்டாடுவது என்று நான் நினைக்கவில்லை. கற்றுக்கொள்கிற யாரைப் பார்த்தாலும் நமக்குச் சிரிப்பு வருகிறது. சைக்கிள் பழகுகிறவரைப் பார்த்து நாம் சிரிப்பதில் கெட்ட எண்ணம் இல்லையே.

கேழ்வரகு
திங்கள், மாலை 6:48

அண்ணா, சைக்கிள் பழகாவிட்டால் நடந்து போகலாம். குழந்தையைப் பழகாவிட்டால் வேறு யாரோ எழுந்து போய்த் தூக்க வேண்டும். பெரும்பாலும் யார் என்று உங்களுக்குத் தெரியும். படத்தில் தடுமாறட்டும், நான் சிரிக்கிறேன். ஆனால் அதே தப்பை அவன் மூன்றாம் தடவை செய்யக் கூடாது. மூன்றாம் தடவை அவன் கை தானாகச் சரியாகச் செய்கிற இடத்தைக் காட்டினால், அதுவரை சிரித்ததற்கு ஒரு பொருள் இருக்கும். பெரும்பாலான படங்களில் கடைசிவரை அவனுக்குத் துணி மாற்றத் தெரியாது. ஒரு பெண் வந்து சேருவாள், குழந்தையை அவள் கையில் கொடுத்துவிட்டுப் படம் முடியும். எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

ராயக்கோட்டை ரோடு
திங்கள், மாலை 6:55

ஒப்புக்கொள்கிறேன் அக்கா. அந்த முடிவை நான் இத்தனை வருடம் யோசிக்காமல் பார்த்திருக்கிறேன்.

ஓசூர் ஷிப்டு
திங்கள், இரவு 8:05

ஓசூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறேன். பெயர் வேண்டாம். மனைவிக்குத் தை மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். அப்பாவுக்கு விடுப்பு உண்டா என்று கேட்டேன், "உனக்கு எதுக்கு?" என்று கேட்டார்கள். மத்திய அரசு ஊழியர் என்றால் 15 நாள் உண்டு. 2018லிருந்து தனியாகக் குழந்தை வளர்க்கும் ஆண் ஊழியருக்குக் குழந்தை பராமரிப்பு விடுப்பும் உண்டு. எங்களைப் போல் தனியாரில் இருப்பவர்களுக்குச் சட்டத்தில் ஒன்றும் இல்லை. சம்பளம் பிடித்தாலும் பரவாயில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இங்கே எல்லாரும் எழுதுவதை ஒரு எழுத்து விடாமல் படிக்கிறேன். ஒரு படத்தில் இதெல்லாம் இருந்தால் நான் பத்துத் தடவை பார்ப்பேன். எனக்கு அப்பா இல்லை, கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை.

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு
திங்கள், இரவு 9:30

எதிர்பாராமல் அப்பா ஆவது எப்படி என்று தம்பி கேட்டிருந்தீர்கள். நம் பக்கத்தில் அதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. தாய்மாமன்.

என் அக்கா போனபோது அவள் மகளுக்கு மூன்று வயது. மாமா முன்பே இல்லை. காதுகுத்துக்கு அவளை மடியில் வைத்திருந்தவன் நான், அது முறை. சீர் செய்தோம், சந்தனம் பூசினார்கள், போட்டோ எடுத்தார்கள். அதோடு என் வேலை முடிந்தது என்று இருந்தேன். ஒரு வருடம் கழித்து அதே பிள்ளை ஒரு மஞ்சள் பையில் நாலு கவுனோடு என் வீட்டுக்கு வந்தது. எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. மே மாதம், தோப்பில் மல்கோவாவும் பெங்களூராவும் இறங்கிக்கொண்டிருக்கிறது. வியாபாரி வாசலில் நிற்கிறார். பிள்ளை சடை பின்னிவிடு என்று நிற்கிறது.

மாட்டுக்குக் கயிறு திரித்த கை இது. மூன்று புரி என்றால் மூன்று புரிதானே என்று பின்னினேன். இழுத்த இழுப்பில் பிள்ளைக்குக் கண் மேலே ஏறிக்கொண்டது, கத்திவிட்டாள். பக்கத்து வீட்டு அம்மா ஓடி வந்து அவிழ்த்தார். "கயிறு வலிக்காது, தலை வலிக்கும் சாமி" என்றார். பத்து நாளில் பழகிவிட்டேன். பிறகு எட்டாவது படிக்கும் வரை நான்தான் பின்னினேன். பள்ளி ஆண்டு விழாவில் அவள் கூட ஆடுகிற மூன்று பிள்ளைகளுக்கும் பின்னியிருக்கிறேன்.

படங்களில் கடைசியில் பிள்ளை 'அப்பா' என்று கூப்பிடும், இசை வரும். என்னை அவள் இன்று வரை மாமா என்றுதான் கூப்பிடுகிறாள். பள்ளியில் சேர்க்கும்போது படிவத்தில் தந்தை பெயர் என்ற இடத்தில் என் மாமா பெயரைத்தான் எழுதினேன், பாதுகாவலர் என்ற இடத்தில் என் பெயர். அவருடைய இடம் அவருக்கு இருக்கட்டும். மாமா என்ற சொல் எனக்குக் குறைவாகப் பட்டதே இல்லை. தம்பி படம் எழுதினால், அவள் அப்பா என்று கூப்பிடுகிற காட்சியை வைக்காதீர்கள். இது என் வேண்டுகோள்.

அரூர் வழக்கு
திங்கள், இரவு 10:10

இந்தக் கதைக்குச் சட்டத்தில் ஒரு தடையும் இல்லை. பிள்ளையின் நன்மைதான் முதலில் என்று பார்த்து, தாய்மாமனைக் காப்பாளராக நீதிமன்றம் நியமிக்கலாம். 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. படத்தில் ஒரு நீதிமன்றக் காட்சி வேண்டும் என்றால் சின்னதாக வையுங்கள். சொல்லப்போனால் அந்த மஞ்சள் பை போதும்.

தொப்பூர் கணவாய்
செவ்வாய், காலை 5:10

மாந்தோப்பு அண்ணா, என் பிள்ளைக்கும் எனக்குப் பின்னத் தெரியாது. அடுத்த வாரம் லோடு இல்லை. காவேரிப்பட்டணம் வழியாகத்தான் வருவேன், நேரில் காட்டித் தருவீர்களா?

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு
செவ்வாய், காலை 7:00

வாங்க தம்பி. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாங்க. தோப்பில் கயிற்றில் பழகிவிட்டுப் பிறகு தலைக்குப் போகலாம்.

ஏரியூர்க்காரன்
புதன், இரவு 9:15

இரண்டு நாளாக எழுத முடியவில்லை. நேற்றுத் திண்ணையில் அப்பாவுடன் உட்கார்ந்து, இங்கே நீங்கள் எழுதியதை எல்லாம் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். லாரித் தம்பியின் பதினேழு நாளைக் கேட்டதும், "நமக்கு முப்பத்தெட்டு" என்றார்.

எது முப்பத்தெட்டு என்று கேட்டேன்.

நான் பிறந்தது 1986ல். பிறந்த ஒன்பதாம் நாள் அம்மாவுக்குக் கடும் காய்ச்சல் கண்டு, சேலத்துக்குக் கொண்டுபோய்ப் பெரிய மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். கைக்குழந்தையை வார்டில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். ஆயா அம்மாவுக்குத் துணையாக அங்கே இருந்துவிட்டார். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு ஏரியூருக்கு வந்துவிட்டார். முப்பத்தெட்டு நாள். பகலில் பக்கத்து வீட்டு அத்தை எனக்குப் பால் கொடுத்திருக்கிறார், அவருக்கு அப்போது நாலு மாதக் குழந்தை. ராத்திரி அப்பாவும் நானும் மட்டும். இருட்டில் அழுதால் அந்த வீட்டுக் கதவைத் தட்டத் தயங்கிக்கொண்டு, என்னைத் தோளில் போட்டுத் திண்ணைக்கும் கிணற்றடிக்கும் நடப்பாராம். வழித்தடத்து நிறுத்தங்களின் பெயரை வரிசையாகச் சொல்லிக்கொண்டே நடப்பாராம், தாலாட்டு தெரியாது என்பதால். பென்னாகரத்திலிருந்து தொடங்கினால் தர்மபுரி வருவதற்குள் நான் தூங்கிவிடுவேனாம்.

ஒரு ராத்திரி எனக்கும் உடம்பு கொதித்திருக்கிறது. பேருந்து இல்லை. துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நடந்திருக்கிறார். வழியில் ஒரு மாட்டு வண்டி கிடைத்தது. விடியும்போது மருத்துவரிடம் சேர்ந்தார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த அத்தை இன்றும் எங்கள் தெருவில்தான் இருக்கிறார். பொங்கல் அன்று அவர் வீட்டிலிருந்து முதல் கிண்ணம் எனக்கு வரும், எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து. ஏன் என்று நான் கேட்டதே இல்லை. இன்று காலை அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன். காபி கொடுத்தார். அவரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை.

என் மகனை ஏன் தானாகத் தூக்க மாட்டேன் என்கிறீர்கள் என்று மட்டும் அப்பாவிடம் கேட்டேன். "அவனுக்கு நீ இருக்கியேப்பா" என்றார்.

கேழ்வரகு
புதன், இரவு 9:50

தம்பி, அந்த நிறுத்தங்களின் பெயரை அவர் சொல்லும்போது பதிவு செய்து வைத்துக்கொள்.

தகடூரான்
புதன், இரவு 10:02

படத்தை அங்கேயிருந்து தொடங்குங்கள். இருட்டு, கிணற்றடி, நிறுத்தங்களின் பெயர்.

ஓசூர் ஷிப்டு
புதன், இரவு 11:20

அண்ணா, உங்கள் அப்பாவிடம் ஒன்று கேட்டுச் சொல்வீர்களா? ஏணை எப்படிக் கட்டுவது? கடையில் கம்பித் தொட்டில் இருக்கிறது. ஆனால் என் அம்மா என்னை ஏணையில் போட்டுத்தான் வளர்த்தார், எனக்கும் அதைக் கட்ட ஆசை. வீடியோவில் பார்த்தால் ஆளுக்கு ஒரு விதமாகக் கட்டுகிறார்கள்.

ஏரியூர்க்காரன்
வியாழன், காலை 6:40

அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

புதுப் புடவை வேண்டாம், துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பருத்திப் புடவை எடு. கிழிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார். நீளவாக்கில் இரண்டாக மடி. விட்டத்தில் கயிற்றைப் போட்டு இரண்டு சுற்றுச் சுற்று, ஒரு சுற்று வழுக்கும். புடவையின் இரண்டு தலைப்பையும் சேர்த்துக் கயிற்றோடு முடி. முடிச்சுக்கு மேல் இன்னொரு முடிச்சுப் போட்டு, மிச்சத் துணியை ஒரு சாண் விடு. உயரம் உன் முழங்காலுக்கு மேல் போகக் கூடாது. மேலே துணி சேர்கிற இடத்தில் குறுக்கே ஒரு கட்டையைக் கொடு, இல்லாவிட்டால் துணி வந்து முகத்தை மூடும். ஏணையில் தூங்கினால் நீ அங்கேயே இரு, எழுந்து போகிற வேலை இருந்தால் குழந்தையைத் தூக்கித் தரையில் பாய் போட்டு மல்லாக்கப் படுக்க வை.

கட்டி முடித்ததும் பிள்ளையைப் போடாதே. பத்துப் படி கேழ்வரகை மூட்டையாகக் கட்டி உள்ளே போட்டு, நன்றாக ஆட்டு. ராத்திரி முழுக்க அப்படியே தொங்கட்டும். காலையில் முதலில் முடிச்சைப் பார், அப்புறம் விட்டத்தைப் பார்.

சந்தேகம் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரியூருக்கு வரச் சொல்கிறார். தானே வந்து கட்டித் தரவும் தயார் என்கிறார், ஓசூருக்குப் பேருந்து நேரம் எல்லாம் அவருக்கு மனப்பாடம்.